காரணம் எழுதாத புகார்

சலவை இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்குக் காரணம் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. இயந்திரம் சுற்றவில்லை, தண்ணீர் வடியவில்லை, நீலமாகப் போன சட்டை நீலமாகவே வரவில்லை என்று நாள் முழுக்க ஊரே அந்தப் பிரிவுக்குப் போன் போட்டுக் கத்தும். கத்துகிறவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது, நடுவில் குறுக்கிடக்கூடாது, அவர்களே ஓயும்வரை 'ம்' கொட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவர்தான் பாடம் எடுப்பார். நன்றாகவே எடுப்பார். அவர் குரலைக் கேட்டால் கொதிக்கிற பால்கூட அடங்கிவிடும் என்று அங்கே பேச்சு.

ஆனால் பட்டப்பெயர் வந்தது குரலால் இல்லை, கணினியால். அங்கே ஒரு புகாரை முடித்து வைக்க வேண்டுமென்றால், 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அந்தப் புகார் திரையை விட்டுப் போகவே போகாது, சிவப்பாக நின்று முறைத்துக்கொண்டிருக்கும். சில புகார்களுக்கு உண்மையிலேயே காரணம் கிடைக்காது. இயந்திரம் ஒரு நாள் முரண்டு பிடிக்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றும். அதற்கென்றே சாரிடம் ஒரு கைமருந்து இருந்தது. 'மின்னழுத்த ஏற்ற இறக்கம்' என்று எழுதி மூடிவிடுவார். மின்னழுத்தம் வந்து 'நான் எங்கே ஐயா ஏறினேன்' என்று கேட்கப் போவதில்லை. இப்படி அந்த ஊரின் பாதிக் கோளாறுகள் வாயில்லாத மின்னழுத்தத்தின் தலையில் விழுந்தன. சார் வருஷா வருஷம் கேடயம் வாங்கினார்.

இவ்வளவு கெட்டிக்காரர் வீட்டில் ஒரு புகார் முடியாமல் நின்றது. புகார்தாரருக்கு நாலு வயது. பெயர் வாலு.

வாலு அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மதியத் தூக்கம் போய், அந்த நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து களிமண் உருட்டும் வேலை வந்திருந்தது. ராத்திரி படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். தூங்கிக் கொஞ்ச நேரம் ஆகும், சாரும் மனைவியும் சாப்பிட்டுப் பாத்திரத்தை ஒழித்துப்போடுகிற சமயம், உள்ளேயிருந்து ஓர் அலறல் கிளம்பும். ஓடிப்போய்ப் பார்த்தால் படுக்கையில் நேராக உட்கார்ந்திருப்பாள். கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. உடம்பெல்லாம் வியர்த்துக் கிடக்கும். அம்மா தூக்கினால் அம்மாவைத் தள்ளுவாள், அப்பா தொட்டால் அப்பாவை உதைப்பாள். பிறகு யாரோ சுவிட்சை அணைத்தாற்போலத் தலையணையில் சாய்ந்து குறட்டை விடுவாள்.

சாருக்கு அது பழகவே இல்லை. அலுவலகத்தில் கத்துகிறவர்களிடம் 'ம்' கொட்டத் தெரிந்தவர், வீட்டில் மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, என்னம்மா, என்ன ஆச்சு, அப்பாவைப் பாரு, எந்திரி என்று அவளுக்கு மேலே கத்தினார். அவர் எடுத்த பாடத்தில் அவரே தேறியிருக்க மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் நன்றாகத் தூங்கியது வாலு ஒருத்திதான். காலையில் பூ மாதிரி எழுந்து, பல்லைத் தேய்த்து, பாலைக் குடித்து, என்னோட இன்னொரு செருப்பு எங்கே என்று வீட்டையே அதட்டுவாள். அவளைப் பெற்ற இரண்டு பேரும் வீங்கின கண்ணோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. பல்வலியோடு வருகிறவர்களே, 'உங்களுக்கு என்னம்மா, ரொம்ப வலிக்குதா?' என்று அவளை விசாரிக்கும்படி ஆகிவிட்டது.

குழந்தை டாக்டரிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு வருவதுதான், தூக்கம் போதாமல் களைத்துப் போனால் வரும், தானாகவே போய்விடும் என்றார். அந்த நேரத்தில் எழுப்பாதீர்கள், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் இன்னும் சீக்கிரம் படுக்க வையுங்கள். கடைசியாக ஒன்று சொன்னார்: காலையில் அதைப் பற்றி அவளிடம் கேட்காதீர்கள், அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

சாருக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு மருந்தில்லை, ஒரு சோதனையில்லை. தானாக வந்தது தானாகப் போகும் என்பது ஒரு பதிலா? எங்கள் கம்பெனியில் இப்படிச் சொன்னால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று வழியெல்லாம் மனைவியிடம் பொருமினார். கத்துகிற பிள்ளை எதையோ பார்த்துத்தானே கத்துகிறது? எதை என்று தெரிந்தால் அதை ஒழித்துவிடலாம். தெரியாமல் எதை ஒழிப்பது? மனைவி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையிலேயே விசாரணை தொடங்கியது. பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்த மகளிடம், குரலைத் தேனாக்கிக்கொண்டு, ராத்திரி நீ கத்தினியே, யாரு வந்தா, எதைப் பாத்துப் பயந்தே என்று கேட்டார். வாலு யாரும் வரவில்லை என்றாள். அது உண்மை. ஆனால் உண்மையைக் கேட்டதும் அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். நல்லா யோசிச்சுச் சொல்லு, அப்பா ஒண்ணும் திட்ட மாட்டேன் என்றார். பாவம், அந்தப் பிள்ளைக்கும் அப்பா மேல் பாசம் உண்டு. யோசித்துப் பார்த்தாள். பின்கட்டில் தினமும் வந்து காலை உரசும் பூனை நினைவுக்கு வந்தது. பூனை என்றாள்.

அப்பாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அன்று சாயங்காலமே பூனையைச் சாக்கில் பிடித்து, மார்க்கெட்டுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி வழக்கம்போல அலறல் வந்தது.

அடுத்ததாக வாலு முதலை என்றாள். குளியலறையில் அவளோடு தினமும் நீந்தும் பச்சை ரப்பர் முதலை அது. அப்பாவின் முகம் மறுபடியும் மலர்ந்தது, முதலை குப்பை வண்டியில் ஏறியது. அவள் யோசிக்கும்போது அவளுக்குப் பிடித்தவைதான் முதலில் நினைவுக்கு வந்தன. பிடிக்காதவை எங்கே நினைவுக்கு வரும்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனால் சாருக்கு இருந்தது பெரிய மூளை.

மாடியில் ஓர் அறையைச் சார் வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஒண்டிக்கட்டை. ஆள் கதவளவு இருப்பார், மீசை அதற்கேற்றபடி. ஓய்வு நாளில் மாடிப்படிதான் அவருக்கும் வாலுவுக்கும் பஸ். அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். அவள் மேலே நின்றுகொண்டு, உள்ளே போங்க, உள்ளே போங்க என்று இல்லாத ஜனங்களை நெட்டித் தள்ளுவாள். கண்டக்டரம்மா என்றுதான் அவர் அவளைக் கூப்பிடுவார். விசில் கொடுத்தாலொழிய வண்டியை எடுக்க மாட்டார்.

அன்று காலை விசாரணை நடந்துகொண்டிருந்தது. பூனையும் இல்லை, முதலையும் இல்லை, இன்னும் யாரம்மா என்று சார் கேட்டார். வாலு வாசல் பக்கம் பார்த்தாள். டிரைவர் சாப்பாட்டுப் பையோடு படியிறங்கி, அவளைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, டிரைவர் மாமா என்றாள்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் சட்டென்று பொருந்தியது. டிரைவர் வேலை முடிந்து பூட்ஸ் காலோடு படியேறுவது எப்போது? கிட்டத்தட்ட அந்த அலறல் நேரம்தான். அந்த மீசை எப்படிப்பட்டது? பெரியவர்களே யோசிக்க வேண்டிய மீசை. பேய்க்கதை ஏதாவது சொல்லி வைத்திருப்பாரோ? மனைவியிடம் சொன்னபோது அவள், அவர்கிட்டேயா பயப்படுவா, அவர் தோள்லதானே பாதி நாள் குடியிருக்கா என்றாள். குழந்தையே வாயால் சொல்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று சார் கேட்டார். அவளும் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது. இது ஒருவேளை உண்மையாக இருந்து இன்றாவது தூங்கக் கிடைத்தால் போதும் என்று அவளுக்கும் மனசில் ஓர் ஓரத்தில் இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்.

டிரைவரிடம் சார் கத்தவில்லை. கம்பெனிக் குரலில், பூ வைத்த மாதிரிதான் பேசினார். குழந்தை உங்களைக் கண்டு ராத்திரியெல்லாம் பயந்து அலறுகிறது, நீங்கள் வேணுமென்று ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்றார். டிரைவர் ஒன்றும் சண்டை போடவில்லை. தன் கைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"என்னைப் பாத்தா சார்? கண்டக்டரம்மாவா சொன்னாங்க?"

"அவளேதான் சொன்னா. சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?"

அந்த வாரமே டிரைவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது வாலு எதிரில் பட்டுவிடக்கூடாது என்று அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனார். வாலு வந்து படியில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து வந்துவிட்டாள்.

அலறல் நின்றது.

ஆமாம், நின்றேவிட்டது. சார் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டாக்டர்களுக்கு என்ன தெரியும், காரணத்தைக் கண்டுபிடி, தூக்கி எறி, புகார் முடிந்தது என்று புதுப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு பாடமாக இதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் டாக்டர் சொன்னபடி மனைவி மகளைச் சாயங்காலம் விளக்கு வைத்ததும் சாப்பிட வைத்துப் படுக்கப் போட ஆரம்பித்தது டிரைவர் போன அதே வாரம்தான். அதைச் சொன்னால் வீட்டில் இன்னொரு விசாரணை நடக்கும், அதற்குத் தூக்கம் மேல் என்று கமுக்கமாக இருந்துவிட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, உறவுக்காரர் ஒருவர் புது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். அங்கே பேச்சு நீண்டுபோய், பிள்ளைகள் ஓடியாடி, திரும்பி வரும்போது வாலு அப்பாவின் தோளிலேயே தூங்கிவிட்டாள். படுக்கையில் போட்டு வெகுநேரம் ஆகவில்லை. அலறல் வந்தது. பழைய அலறலேதான், ஒரு மாற்று குறையாமல் வந்தது. கூடத்தில் நின்றபடி சார் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மாடியில் யாரும் இல்லை. பூட்டுத்தான் தொங்கியது.

"லேட்டாப் படுத்தா வருது. அவ்வளவுதான். நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும்" என்றாள் மனைவி. மகள் விழுந்துவிடாமல் கையை அணையாக வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உலுக்கவில்லை, எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வாலு தானாகவே சாய்ந்து படுத்துவிட்டாள். சார்தான் படுக்கவில்லை.

காலையில் வாலு எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் வீங்கின அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும், அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேள்வி வருவதற்கு முன்பே பதிலைச் சொன்னாள்.

"அம்மா வரலப்பா. அம்மா இங்கேயே இருக்கட்டும்."

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த காப்பி சட்டையில் சிந்தியது. இத்தனை நாளும் மகள் கொடுத்தது பயமுறுத்தியவர்களின் பட்டியல் இல்லை, பிரியமானவர்களின் பட்டியல். அவள் ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக வாங்கி வெளியே எறிந்திருக்கிறார். எறிந்துவிட்டு முத்தமும் கொடுத்திருக்கிறார். இப்போது பட்டியலில் அடுத்த பெயர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. அவருக்குத் தன் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

செருப்பைப் போடு, வெளியே போகலாம் என்றார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக பஸ் நிலையத்துக்கு நடந்தார். பூனையைத் தேட முடியாது, முதலையை மீட்க முடியாது, ஆளையாவது பார்த்துவிடலாம் என்று இருந்தது. விசாரித்ததில், அந்த டிரைவர் இப்போது, முன்பு ஓட்டிய கடைத்தெரு வண்டியில் இல்லை, ஊருக்கு வெளியே ஆலைகளுக்குப் போகிற வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். கடைக்கோடியில் நிற்கிற வண்டியைக் காட்டினார்கள்.

வண்டி புறப்படுகிற நேரம். ஆலைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவரைச் சாருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மீசை இல்லை. மழுங்கச் சிரைத்த அந்த முகம் யாரோ அதட்டி உட்கார வைத்த பையன் முகம் மாதிரி இருந்தது. ஏன் இந்த வண்டி, அந்த வழி நல்ல வழியாயிற்றே என்று என்னவோ கேட்டு வைத்தார் சார்.

"அதுல பள்ளிக்கூடம் நிறைய வரும் சார். சின்னப் பிள்ளைங்க ஏறும்" என்றார் டிரைவர். "நமக்கே தெரியாம நம்மளைப் பாத்து எத்தனை பிள்ளைங்க பயந்துச்சோ என்னவோ. இதுன்னா எல்லாம் பெரியவங்க."

சொல்லிவிட்டுத்தான் கீழே நின்றவளைப் பார்த்தார். பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதுதான். பிள்ளை பயப்படக்கூடாதே என்று.

இதோ பாரு யாருன்னு, டிரைவர் மாமா என்று சார் மகளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் படியில் நிறுத்தினார். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். வாலு அவரை ஒரு தடவை பார்த்தாள். மீசை இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்தது. உதடு துடித்தது. சட்டென்று அப்பாவின் கால்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எனக்கு இவரைத் தெரியாது என்றாள்.

டிரைவர் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா என்று அவர் சொல்லவில்லை. விடுங்க சார், பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, வண்டியை எடுக்கணும் என்றார்.

பின்னாலிருந்து ஆலைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நேரமாச்சு, இறங்குய்யா என்றார் ஒருவர். எத்தனையோ ஆயிரம் பேரைச் சமாதானம் செய்த வாய் சாருடையது. இப்போது ஒரு வார்த்தைக்கு அதைத் தட்டித் தட்டிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் எது பழக்கமோ அதுதான் வந்தது.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்" என்றார்.

வண்டி முழுக்கச் சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். காது சிவந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை. இந்தத் தடவை கம்பெனிக் குரல் போய், வேறு ஒரு குரல் வந்தது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உடைந்த குரல்.

"அவ உங்களைப் பாத்துப் பயப்படவே இல்ல. நான்தான் தினமும் யாரு, யாருன்னு கேட்டு அவளை அரிச்சு எடுத்தேன். அவளுக்கு யாரைப் பிடிக்குமோ அவங்க பேரைச் சொன்னா. அவ கத்தினதுக்கு நீங்க காரணமில்ல. யாருமே காரணமில்ல. தப்பு என்னோடது."

சிரிப்பு நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கால்சட்டையில் புதைந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. வாலு அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நிற்பதையும் பார்த்தாள். குனியச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தவரின் காதில், டிரைவருக்குக் கேட்டுவிடாமல், ரகசியமாகக் கேட்டாள்.

"எனக்கு அவரைப் பிடிக்கும்னு சொன்னா, அவரை மறுபடியும் அனுப்பிட மாட்டீங்களேப்பா?"